மார்கழியில் வாங்கிய சினோ மிசின்

நவம்பர் 9, சனி

வாசலில் கொட்டும் பனியை அள்ளி வீசுகிற எங்கள் பழைய சினோ மிசின் இன்று காலை உயிரை விட்டது. பதினான்கு வருடம் உழைத்த சீவன். குளிர் தொடங்கமுதல் ஒருமுறை இயக்கிப் பார்ப்போம் என்று இவர் அதைக் கராஜின் நடுவில் இழுத்து வைத்து, கயிற்றை முப்பது தரம் இழுத்தார். ஒரு இருமல், கொஞ்சம் கறுத்த புகை, அவ்வளவுதான். "செத்தவீட்டுக்கு ஆக்களுக்குச் சொல்லட்டோ?" என்று கேட்டேன். இவருக்குச் சிரிப்பு வரவில்லை.

இந்தக் கொப்பியைத் தந்தபோது என் மகள் அபிநயா, "வாசிக்கிறவைக்கு விளங்கிற மாதிரி எழுதுங்கோ அம்மா" என்று சொன்னவள். ஆர் வாசிக்கப் போகிறார்களோ தெரியாது. இருந்தாலும் சொல்லி வைக்கிறேன். இவர் என்றால் என் கணவர் குணரத்தினம், வயது எழுபத்தொன்று. கார்ச் சாமான் செய்யும் தொழிற்சாலையில் முப்பது வருடம் நின்றவர். அதனால் உலகத்து மிசின் எல்லாம் தன் சொல்லுக் கேட்கும் என்று ஒரு நினைப்பு. நான் தவமலர், அறுபத்துநாலு. ரொறன்ரோவுக்கு வடக்கே உள்ள இந்தப் பாரி நகரத்து முதியோர் இல்லம் ஒன்றின் குசினியில் கிழமைக்கு நாலு நாள் சமையல் வேலை. காலை ஆறு மணிக்கு என் கார் வாசலை விட்டு வெளிக்கிட வேண்டும். சினோ மிசின் இல்லாவிட்டால் அது நடக்காது. ரொறன்ரோவில் ஒரு சாண் கொட்டினால் இங்கே ஒரு முழம் கொட்டும்.

நவம்பர் 13, புதன்

பருப்புக்கு உப்புக் கூடிவிட்டது. இவர் கவனிக்கவேயில்லை. மிசின் யோசனை.

நவம்பர் 16, சனி

இவர் கடைக்குப் போய் இரண்டு மிசின் பார்த்துவிட்டு வந்தார். விலைத் துண்டுகளை மேசையில் விரித்து, எனக்கு ஒரு மணித்தியாலம் பாடம் எடுத்தார்.

சின்னது எண்ணூறு டொலர். கயிறு இழுத்துத்தான் இயக்க வேண்டும். பஞ்சு மாதிரி விழுகிற புதுச் சினோவை நன்றாக வீசும். ஆனால் நகரசபை லொறி தெருவை வழித்துக்கொண்டு போகும்போது எங்கள் வாசல் வாயில் ஒரு வரம்பு கட்டிவிட்டுப் போகுமே, உப்பும் ஐஸும் சேர்ந்து இறுகிய அந்த வரம்பைக் கண்டால் இது மேலே ஏறி நின்றுவிடுமாம். பெரியது இரண்டாயிரத்து நூறு. முன்னுக்கு இருக்கிற இரும்புப் பல்லு அந்த வரம்பைக் கடித்துத் தின்னும். தானாக நகரும். பொத்தானை அமத்தினால் இயங்கும். பிடியில் ஒரு விசை, அதைத் தொட்டால் பக்கம் திரும்பும். கைப்பிடிக்குச் சூடுகூட உண்டாம்.

"கைக்குச் சூடு வேணுமெண்டால் நான் தேத்தண்ணி தாறனே" என்றேன்.

"பகிடி விடாதையும். இது இருவது வருசம் ஓடுமெண்டு கடைக்காரன் சொல்லுறான்."

"இருவது வருசத்தில இஞ்ச ஆரப்பா இருக்கிறது?"

இவர் துண்டுகளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பிறகு வெளியே போய் இலை கூட்டினார். நான் அப்படிச் சொல்லியிருக்கத் தேவையில்லை. ஆனால் பொய்யும் சொல்லவில்லையே.

நவம்பர் 20, புதன்

வேலையால் வந்து காலை நீட்டவும் அபி போன் எடுத்தாள்.

"அப்பாட்டச் சொல்லியாச்சோ?"

"இன்னும் இல்லைப் பிள்ளை. ஆறுதலாச் சொல்லுவம்."

"செப்டெம்பரில இருந்து இதைத்தான் சொல்லுறியள்."

விசயம் இதுதான். ரொறன்ரோப் பக்கத்தில் மார்க்கம் என்ற ஊரில், அபியின் வீட்டில் இருந்து பத்து நிமிடத்தில், முதியோருக்கான ஒரு மாடிக் குடியிருப்பு இருக்கிறது. பிள்ளையார் கோயில் நடக்கிற தூரம். கீழே இறங்கினால் முருங்கைக்காய், ராசவள்ளிக்கிழங்கு, தமிழ்ப் பேச்சு. பெயர் பதிந்துவிட்டு நாலைந்து வருடம் காத்திருக்க வேண்டும். நான் செப்டெம்பரில் பதிந்துவிட்டேன். இனி அனுப்ப வேண்டிய பத்திரத்தில் இரண்டு கையெழுத்துக்கு இடம் இருக்கிறது. ஒன்றில் நான் வைத்துவிட்டேன்.

இவருக்கு இந்த வீடென்றால் உயிர். பின்வளவில் தானே அடித்த கொட்டில், தானே போட்ட படி, தானே நட்ட அப்பிள் மரம். எனக்கோ இந்தத் தெருவில் ஏழு வருடமாக "ஹலோ" என்பதற்கு மேல் ஒரு கதை இல்லை. மறைத்தேன் என்று இல்லை. சொல்லுகிற நேரம் வரவில்லை.

நவம்பர் 30, சனி

முதல் சினோ. விரல் அளவுதான். இவர் சினோ அள்ளுகிற மண்வெட்டி, அந்தச் சவளால் தள்ளிவிட்டு மறுபடி கடைக்குப் போனார். இது மூன்றாம் தரம். அந்தக் கடைக்காரனிடம் சம்பந்தம் பேசப் போகிறாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

வரும்போது ஆட்டிறைச்சி வாங்கிவந்தார். நன்றாகப் பிரட்டல் வைத்து இரண்டு பேரும் வயிறு முட்டச் சாப்பிட்டோம். மத்தியானம் முழுக்க யன்னலால் வெயில் விழுந்தது. சும்மா சொல்லக்கூடாது, இந்த வீட்டுக் குசினிக்கு வருகிற வெயில் வேறு எங்கும் வராது.

டிசம்பர் 7, சனி

மிசின் சண்டை. இவருக்குப் பெரியது. எனக்குச் சின்னது.

"காசுக்கு ஆளைப் பிடிச்சுச் சினோவைத் தள்ளுவிப்பமே, இந்தத் தெருவில பாதிப்பேர் அப்பிடித்தானே" என்று ஒரு வழி சொல்லிப் பார்த்தேன்.

"அவன் பத்து மணிக்கு வருவான். நீர் ஆறு மணிக்கு எப்பிடிப் போவீர்? பறந்தோ?"

"அப்ப சின்னதை வாங்குங்கோ."

"சின்னது வரம்பை வெட்டாது."

"வரம்பை நீங்கள் சவளால வெட்டுங்கோ!"

கோபத்தில் வாயில் வந்துவிட்டது. இவர் "பெரிசுதான் வேணும் மலர், அதில எனக்கு ஒரு காரியம் இருக்கு" என்று மட்டும் சொன்னார். என்ன காரியம் என்று கேட்டால் சொல்லமாட்டாராம்.

எங்கள் இரண்டு பேருக்கும் காசால் சண்டை வந்ததே இல்லை. இதுவும் காசுச் சண்டை இல்லை. சின்ன மிசின் நாலு வருடத்தில் செத்துப்போகும், நாங்களும் வெளிக்கிட்டுவிடலாம். இருபது வருட மிசினைக் கராஜில் நிறுத்தினால் இவரை இந்த வீட்டில் இருந்து கிளப்ப ஒருவராலும் முடியாது. அதை இவரிடம் எப்படிச் சொல்லுவது?

டிசம்பர் 17, செவ்வாய்

நான் செய்தது சரியில்லை. எழுதிவிடுகிறேன்.

பெரிய மிசினுக்கு இந்தக் கிழமை மட்டும் இருநூறு டொலர் குறைப்பு. இவர் காலையிலேயே குளித்து, சப்பாத்தும் போட்டு, கார்த் திறப்பைக் கையில் எடுத்துவிட்டார். என் வாய் தானாகச் சொன்னது:

"நேற்று மார்கழி பிறந்திட்டுதெல்லே. மார்கழியில புதுச் சாமான் வீட்டுக்குக் கொண்டு வாறதே? தை பிறக்கட்டும் அப்பா."

இவர் அப்படியே நின்றார். தன் வாழ்நாளில் மார்கழியில் ஒரு கரண்டிகூட வாங்காத மனிசன். "ஓமென்ன, மறந்துபோனன்" என்று சொல்லிவிட்டுக் கதிரையில் இருந்துகொண்டு சப்பாத்தைக் கழற்றினார்.

போன வருடம் கிறிஸ்மஸுக்கு அடுத்த நாள் மலிவு விற்பனையில் நான் மைக்ரோவேவ் வாங்கியதும் மார்கழியில்தான். அது இவருக்கு ஞாபகம் வரவில்லை. எனக்கு வந்தது.

டிசம்பர் 22, ஞாயிறு

வெளியே புல்லுத் தெரிகிறது. வானம் நல்ல நீலம். பார்த்தீர்களா, தை வரைக்கும் ஒன்றும் வராது என்று இவரிடம் சொன்னேன். கொழுக்கட்டை அவித்தேன். இவர் ஒன்பது சாப்பிட்டார்.

டிசம்பர் 28, சனி

வானொலியில் எச்சரிக்கை. மத்தியானத்தில் இருந்து கொட்டுகிறது. முன்வீட்டுக் கார் தெரியவில்லை, பிறகு முன்வீடே தெரியவில்லை. இவர் நாலு தரம் போய்ச் சவளால் தள்ளிவிட்டு வந்தார். தள்ளிவிட்டுத் திரும்பிப் பார்க்கப் பழையபடி மூடிவிடுகிறது. கடைக்குப் போகலாம் என்றால் கார் வாசலைத் தாண்டாது.

டிசம்பர் 29, ஞாயிறு

முழங்கால் அளவு. நானும் ஒரு சவள் எடுத்தேன். இவர் பறித்து வைத்துவிட்டு என்னை உள்ளே அனுப்பினார்.

டிசம்பர் 30, திங்கள்

வேலைக்குப் போகவில்லை. ஆஸ்பத்திரியால் வந்து இருந்து எழுதுகிறேன்.

காலை ஐந்து மணிக்கு எழும்பினால் பக்கத்தில் இவர் இல்லை. யன்னலால் பார்த்தேன். லொறி விட்டுப்போன வரம்பு இடுப்பளவு நின்றது. தெரு விளக்கு வெளிச்சத்தில் இவர் அதைச் சவளால் கொத்திக்கொண்டிருந்தார். நாலு கொத்து, பிறகு சவளில் சாய்ந்து நிற்பது, பிறகு நாலு கொத்து. நான் வேலைக்குப் போகவேண்டும் என்று. "வாங்கோ உள்ள" என்று கதவைத் திறந்து கத்தினேன். கையைக் காட்டிவிட்டு மறுபடி கொத்தினார்.

வாசல் முழுக்கத் திறந்தபிறகுதான் வந்தார். உள்படியில் இருந்தார். சப்பாத்து நூலை அவிழ்க்கக் குனிந்தவர் அப்படியே இருந்துவிட்டார். விரல் நூலில் இருக்கிறது, ஆனால் அசையவில்லை. முகம் சாம்பல். "ஒண்டுமில்லை மலர், ஒரு நிமிசம்" என்றார். நான் கீழே இருந்து அவிழ்த்தேன். நாற்பது வருடத்தில் இவருடைய சப்பாத்தை நான் அவிழ்த்தது இன்றுதான்.

இவர் வெட்டிய வாசலால்தான் இவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். இருதயத்துக்கு ஒன்றும் இல்லையாம். களைப்பு, இடுப்பில் நாரிப் பிடிப்பு. "இந்த வயதில் இனிச் சவள் தொடக்கூடாது. அடுத்தமுறை இப்படி வீட்டுக்குத் திருப்பி அனுப்புவேன் என்று சொல்லமாட்டேன்" என்று டொக்டர் என்னைப் பார்த்துச் சொன்னார். நான் சொன்ன மார்கழி அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

டிசம்பர் 31, செவ்வாய்

இவர் மருந்து குடித்துப் படுத்திருக்கிறார். நான் கடைக்குப் போனேன். சின்ன மிசினை வாங்கி வருவதாகத்தான் யோசனை. உடனே வேண்டும், இப்போதைக்கு அதுவே காணும். குற்றம் செய்தவளுக்கும் பிடிவாதம் போகாது.

கடைக்காரர் பிலிப்பீன்ஸ்காரர், ஐம்பது வயது இருக்கும், சட்டையில் ரொமெல் என்று பெயர் குத்தியிருந்தது. பில் எழுதப் பெயரைக் கேட்டார். சொன்னேன். எழுதுவதை விட்டுவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்கள் குணாவின் மனைவியா? அப்படியென்றால் இது பிழையான மிசின்."

"ஏன்?"

"அவர் உங்களுக்குப் பார்த்து வைத்தது மற்றது."

"எனக்கோ?"

அவர் சிரித்துக்கொண்டே சொன்னார், எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. வந்த நாலு தரமும் இவர் ஒரு நூல் கொண்டுவந்தாராம். அதில் இரண்டு முடிச்சு. ஒன்று என் தோளின் உயரம், மற்றது முழங்கையின் உயரம். கொளுவியில் தொங்கிய என்னுடைய குளிர்க் கோட்டைப் பிடித்து அளந்தாராம். அந்த நூலை ஒவ்வொரு மிசினின் பிடிக்கும் வைத்துப் பார்த்தாராம். சின்னதின் கயிற்றைப் பலம் குறைந்த இடது கையால் பத்துத் தரம் இழுத்துப் பார்த்துவிட்டு, "என்ர மனிசியால இது ஏலாது" என்று சொன்னாராம். பெரியதைக் கடை வாசலில் இயக்கச் சொல்லி, அங்கே வேலை செய்கிற ஒரு கட்டைப் பெண்ணைக் கூப்பிட்டு ஓட்டச் சொல்லி, அவள் ஒற்றை விரலால் திருப்புவதை நின்று பார்த்தாராம்.

"ஒவ்வொரு தரமும் ஒரே கேள்விதான் அம்மா. நான் இல்லாத காலத்தில் அவள் தனிய நின்று இதை இயக்குவாளா? மனைவி ஆரிடமும் உதவி கேட்கமாட்டாள் என்று சொன்னார்."

எங்களில் ஆருக்கு முதலில் சாவு என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. பொய். யோசித்திருக்கிறேன். அதற்குத்தானே மார்க்கம். நான் எனக்கு ஒரு வீடு பார்த்தேன், இவர் எனக்கு ஒரு மிசின் பார்த்தார். இரண்டு பேரும் ஒருவருக்கு ஒருவர் சொல்லவில்லை.

பெரியதை வாங்கினேன். குறைப்பு முடிந்து முழு விலை. வியாழக்கிழமை கொண்டுவந்து தருவார்கள். காருக்குள் இருந்து நன்றாக அழுதுவிட்டு வந்தேன். எழுதுவதற்கு என்ன வெட்கம்.

ஜனவரி 2, வியாழன்

மிசின் வந்தது. செம்மஞ்சள் நிறம், எங்கள் கராஜில் பாதியைப் பிடிக்கிறது. இவர் நாரியைப் பிடித்துக்கொண்டு வந்து பார்த்தார்.

"மார்கழி முடியேல்லையே மலர்."

"தெரியும். போன மார்கழியில மைக்ரோவேவும் வாங்கினனான். அண்டைக்கு நான் சும்மா சொன்னது. நீங்கள் இதை வாங்கக்கூடாதெண்டு."

"ஏன்?"

வேறு வழியில்லை. பத்திரத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தேன். இவர் கண்ணாடியைப் போட்டு ஒவ்வொரு வரியாக வாசித்தார். என் கையெழுத்தில் வந்து நின்றார். அதற்குப் பக்கத்தில் திகதி.

"செப்டெம்பரிலயோ?" என்றார். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

ஜனவரி 3, வெள்ளி

இவர் பேசவில்லை. புட்டு மிஞ்சிவிட்டது.

ஜனவரி 5, ஞாயிறு

விடியக் கண் முழித்தால் வெளியே ஒரு சாண் சினோ, லொறி கட்டிய வரம்பு வேறு. இவர் தேத்தண்ணியும் கையுமாக மேசையில் இருந்தார். முன்னால் பத்திரம்.

"நாலைஞ்சு வருசம் ஆகுமெண்டு போட்டிருக்கு" என்றார். இரண்டு நாளில் முதல் வார்த்தை.

"ஓம். வரிசையில கனபேர்."

"அதுவரைக்கும் இஞ்சதான்."

"இஞ்சதான்."

"பேந்து ரெண்டு பேருமாப் போறது. என்னைக் கேக்காமல் ஒரு பத்திரத்திலயும் கை வைக்கப்படாது." பேனாவை எடுத்து என் பெயருக்குப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். நான் தலையை ஆட்டினேன். பிறகு இவர் யன்னல் பக்கம் பார்த்தார். "எனக்கு ஒண்டுதான் விளங்கேல்லை. நாலு வருசத்துக்குச் சின்னதே காணும். போவமெண்டு நினைச்ச நீர் ஏன் பெரிசை வாங்கினீர்?"

"கடைக்காரன் எல்லாம் சொன்னவன். நூல், முடிச்சு, எல்லாம்."

இவருடைய காது சிவந்தது. "அது... நான் இல்லாத காலத்தில உமக்கு..."

"நீங்கள் இல்லாத வீட்டில நான் என்னத்துக்கப்பா சினோ தள்ளுறது? கதவைப் பூட்டிப்போட்டு அண்டைக்கே அபியிட்டப் போயிடுவன். நீங்கள் இருக்கேக்கை நான் தள்ளுறதுக்குத்தான் இதை வாங்கினது."

சொல்லிவிட்டு எழும்பிக் கோட்டை மாட்டினேன். இவரும் எழும்பினார். "இருங்கோ" என்றேன். இருந்தார். என் சொல்லுக்கு இவர் உடனே இருந்தது ஒரு புதினம்.

கராஜில் நின்று பொத்தானை அமத்தினேன். ஒரே அமத்தல், உறுமியது. பிடி சரியாக என் முழங்கை உயரத்தில் வந்து நின்றது. முதல் பத்தடி அது என்னை இழுத்துக்கொண்டு போனது, பிறகு நான் அதைக் கொண்டுபோனேன். வரம்புக்கு முன்னால் ஒருதரம் நின்று மூச்சு விட்டேன். அது கடித்தது. உப்பும் ஐஸும் சினோவும் பூவரசு மரம் அளவுக்கு மேலே எழும்பிப் பக்கத்தில் விழுந்தது. முன்வீட்டு மனிசி கதவைத் திறந்து இரண்டு கையையும் தூக்கிக் காட்டினாள். நானும் ஒரு கையைத் தூக்கினேன், அதற்குள் மிசின் புல்லுக்குப் போய்விட்டது.

முழு வாசலும் நான்தான் தள்ளினேன். வெட்டு கோணல். இவர் தேத்தண்ணிக் கோப்பையோடு யன்னலில் நின்று, இடது, வலது, நேரே என்று கையால் காட்டிக்கொண்டே இருந்தார். நான் ஒன்றையும் பார்க்காத மாதிரி ஓட்டினேன்.